ஆர்கான் ஏன் முன்னால் நிற்கிறது? ஒரு மாணவிக்குத் தாமதமாக ஒரு பதில்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வேதியியல் என்றாலே ஓடியவர்களும் படிக்கலாம். சமன்பாடு எதுவும் வராது.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தனிம வரிசை அட்டவணைப் பாடம் வந்தால் நான் செய்தது ஒன்றுதான். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று முதல் இருபது தனிமங்களையும் வாய்ப்பாடு மாதிரி வகுப்பே சேர்ந்து சொல்லும். மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பி ஒப்பிக்கச் சொல்வேன். மதிப்பெண்ணும் குறையில்லாமல் வந்தது.

ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து நின்றாள். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, "சார், எடை கூடிக்கிட்டே போற மாதிரிதானே அடுக்கியிருக்காங்க? ஆர்கானுக்கு 39.95ன்னு போட்டிருக்கு. அடுத்து வர்ற பொட்டாசியத்துக்கு 39.10தான் போட்டிருக்கு. இது மட்டும் ஏன் சார் மாறியிருக்கு?" என்று கேட்டாள்.

"இப்பல்லாம் அணு எண்படிதான் அடுக்குவாங்க, எடைப்படி இல்லை. இதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன்.

நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது பதிலும் இல்லை. எடைப்படி ஏன் இல்லை என்பதுதானே அவள் கேள்வி? அந்தக் கேள்வி ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது என்பது அன்று எனக்கே சரியாகத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரான் தெரியாது, அணுக்கரு தெரியாது. ஒரு தனிமத்தை அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் கையில் இருந்த முக்கியமான எண் அணு எடைதான். ஹைட்ரஜனை 1 என்று வைத்துக்கொண்டால் மற்றவை அதைப்போல எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் நடந்தார்கள்.

ஜெர்மனியில் ஜெனா நகரில் இருந்த டோபரைனர் 1829இல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். குணத்தில் ஒத்த தனிமங்கள் சில மூன்று மூன்றாக வந்தன. லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுவில் உள்ளது வந்துவிடுகிறது. நம் புத்தகங்களில் வரும் மும்மை விதி இதுதான். எடைக்கும் குணத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற முதல் சந்தேகம் இப்படித்தான் வந்தது.

ஆனால் எடைகளிலேயே குழப்பம் இருந்தது. ஆக்சிஜனை ஒருவர் 8 என்பார், இன்னொருவர் 16 என்பார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடி இதைப் பேசினார்கள். இத்தாலியின் கன்னிசாரோ, அணு எடைகளைச் சீராகக் கணக்கிடும் வழியை அங்கே எடுத்துச் சொன்னார். கூட்டம் கலையும்போது அவருடைய சிறு நூல் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. வாங்கிப் போனவர்களில் ரஷ்யாவிலிருந்து வந்திருந்த 26 வயது இளைஞர் மெண்டலீவும் ஒருவர். ஜெர்மனியின் லோதர் மேயரும் அங்கே இருந்தார். சரியான எடைகள் கிடைத்தபின் அட்டவணைக்கு வழி திறந்தது.

அடுத்து லண்டன். ஜான் நியூலாண்ட்ஸ் தனிமங்களை எடைப்படி வரிசையாக எழுதிப் பார்த்தார். முதல் தனிமத்தின் குணம் எட்டாவதில் திரும்ப வந்தது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: ச ரி க ம ப த நி முடிந்ததும் மறுபடி மேல் ஸ்தாயி ச. அவரும் மேற்கத்திய இசையை வைத்தே இதற்கு எண்ம விதி என்று பெயர் வைத்தார். 1866 மார்ச் 1 அன்று லண்டன் வேதியியல் கழகத்தில் இதைப் படித்தார். கூட்டத்தில் இருந்த ஒரு பேராசிரியர், தனிமங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார். கிண்டல்தான். கழகம் கட்டுரையை வெளியிடவும் இல்லை. 21 ஆண்டுகள் கழித்து, 1887இல், ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது. கேள்வி கேட்டவரை உட்கார வைப்பது எங்கள் வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நியூலாண்ட்ஸிடம் ஒரு குறையும் இருந்தது. கால்சியம் வரை ஒழுங்காகப் போன அடுக்கு அதன்பின் தடுமாறியது. காரணம், இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு அவர் இடம் விடவில்லை. இருப்பவற்றை நெருக்கி உட்கார வைத்தார். பஸ்ஸில் ஏறாதவனுக்கும் துண்டு போட்டு இடம் பிடிக்கும் தைரியம் அடுத்து வந்தவருக்கு இருந்தது.

திமீத்ரி மெண்டலீவ் சைபீரியாவின் தோபோல்ஸ்க் நகரில் 1834இல் பிறந்தவர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. அப்பா பள்ளித் தலைமையாசிரியர். பார்வை போய் வேலை இழந்தார். அம்மா மரியா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அப்பா இறந்தார், அடுத்த ஆண்டே தொழிற்சாலை தீயில் எரிந்தது. அந்த அம்மா மகனை அழைத்துக்கொண்டு மாஸ்கோ போனார், அங்கே இடம் கிடைக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850இல் மகனைச் சேர்த்துவிட்டார். அதே ஆண்டு இறந்தும் போனார். ஆசிரியர் வேலைக்குப் படித்த ஒருவர்தான் இந்த அட்டவணையைத் தந்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அட்டவணை பிறந்ததும் பாடம் நடத்தும் தேவையில்தான். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் நடத்த வந்தவருக்கு, ரஷ்ய மொழியில் மாணவர்களுக்குக் கொடுக்க நல்ல புத்தகம் கிடைக்கவில்லை. தானே எழுத உட்கார்ந்தார். அப்போது தெரிந்தவை 63 தனிமங்கள். எதை முதலில் சொல்வது, எதை எதோடு சேர்ப்பது? அந்தத் திண்டாட்டத்தில்தான் 1869 மார்ச் 1 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 17) அந்த அட்டவணை உருவானது. கனவில் கண்டு எழுந்து எழுதினார் என்று ஒரு கதை உண்டு. நானே வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். வரலாற்று ஆய்வாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதரின் உழைப்பு அது.

அவர் எடைப்படி அடுக்கினார். ஒத்த குணமுள்ளவை ஒரே கூட்டத்தில் சேரும்படி பார்த்துக்கொண்டார். இரண்டும் மோதிய இடங்களில் மூன்று துணிச்சலான காரியங்களைச் செய்தார்.

ஒன்று, பொருந்தாத இடத்தைக் காலியாக விட்டார். 1871இல் அந்தக் காலி இடங்களில் மூன்றுக்கு உரிய தனிமங்கள் எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதினார். மேலே இருக்கும் தனிமத்தின் பெயருக்கு முன்னால் 'ஏக' என்று சேர்த்துப் பெயரும் வைத்தார். நாம் ஏகாதசி, ஏகாந்தம் என்கிறோமே, அதே சமஸ்கிருத 'ஏக' தான். ஏக-அலுமினியம் என்றால் அலுமினியத்துக்கு ஒரு படி அடுத்தது.

இரண்டு, அடுக்கு சரியாக வரவில்லை என்றால் எடையை அளந்ததில் தப்பு என்றார். யுரேனியத்தின் எடை 120 என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது 240 என்று மாற்றினார். இன்றைய மதிப்பு 238. இண்டியத்தை 76இலிருந்து 113க்கு ஏற்றினார். இன்றைய மதிப்பு 115. இரண்டிலும் அவர் பக்கமே நியாயம் இருந்தது.

மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம். டெலூரியம், அயோடின் என்ற இரண்டு தனிமங்கள். அயோடின் குளோரின், புரோமின் குடும்பத்தைச் சேர்ந்தது. குணத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் எடைப்படி வைத்தால் அயோடின் முன்னால் வந்து வேறு குடும்பத்தில் விழுகிறது. மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார். டெலூரியத்தை முன்னால் வைத்து, அதன் எடையை யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள், சரியாக அளந்தால் குறையும் என்றார்.

காலி இடங்களைப் பற்றி அவர் சொன்னது பலித்தது. 1875இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார், அதுதான் ஏக-அலுமினியம். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் வெளியிட்டபோது, பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டே மெண்டலீவ், இல்லை, 5.9 அல்லது 6 இருக்க வேண்டும் என்று எழுதினார். உலோகத்தைக் கண்ணால் பார்த்தவர் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். 5.9 வந்தது. 1879இல் ஸ்வீடனில் நில்சன் ஸ்காண்டியம் கண்டார். 1886இல் ஜெர்மனியில் விங்க்ளர் ஜெர்மானியம் கண்டார். அதன் எடை 72 என்று மெண்டலீவ் சொல்லியிருந்தார்; இன்றைய மதிப்பு 72.6.

ஆனால் டெலூரியம் மசியவில்லை. பிராகாவில் இருந்த அவருடைய நண்பர் பிரவுனர் ஆண்டுக்கணக்காக அதைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து அளந்தார். எத்தனை முறை அளந்தாலும் அயோடினைவிடக் கனமாகவே இருந்தது. டெலூரியத்தில் இன்னொரு தனிமம் கலந்திருக்குமோ என்றுகூட அவர் சந்தேகப்பட்டார். தராசைக் குறை சொல்லலாம், கலப்படம் என்று சொல்லலாம். விதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆர்கான் வந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பதை இங்கிலாந்தில் ராலே பிரபு கவனித்தார். லிட்டருக்கு 1.257 கிராம் ஒன்று, 1.251 கிராம் மற்றொன்று. நம்மில் பலர் பிழை என்று தள்ளிவிடும் வித்தியாசம். அவர் தள்ளவில்லை. ராம்சேயும் அவருமாகத் தேடி, காற்றில் யாருக்கும் தெரியாமல் ஒரு வாயு ஒளிந்திருப்பதை 1894இல் அறிவித்தார்கள். எதோடும் சேராத சோம்பேறி வாயு. நாம் மூச்சு விடும் காற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அதுதான்.

அதன் எடை 40. அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. மெண்டலீவ் இது புதுத் தனிமமே இல்லை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒட்டிக்கொண்ட ஒன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். ராம்சே விடாமல் ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் என்று அதன் உறவுக்காரர்களையும் கொண்டுவந்து நிறுத்தியபின், மந்த வாயுக்களுக்கென்று தனித் தொகுதி ஒன்று அட்டவணையில் சேர்ந்தது. மெண்டலீவும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த இடத்தில் வைத்தால் 40 எடையுள்ள ஆர்கான், 39 எடையுள்ள பொட்டாசியத்துக்கு முன்னால் நின்றது. டெலூரியத்தோடு இன்னொரு முரண்பாடு. கோபால்ட்டும் நிக்கலும் மூன்றாவது.

என் மாணவி கேட்ட கேள்வி அன்று இந்த இடத்தில் வந்து நின்றது. மெண்டலீவ் 1907இல் இறக்கும்வரை அதற்குப் பதில் தெரியாது. பிறகு பதில் சொன்னவருக்கு வயது 26.

ஹென்றி மோஸ்லே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்தவர். அணுவின் நடுவில் நேர்மின்சுமை கொண்ட கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு 1911இல் சொல்லியிருந்தார். அந்த மின்சுமையும் அட்டவணையில் தனிமம் நிற்கும் இடத்தின் எண்ணும் ஒன்றுதானோ என்று நெதர்லாந்தின் வான் டென் புரூக் ஒரு யோசனை சொன்னார். அதைச் சோதித்தவர் மோஸ்லே. ஒவ்வொரு தனிமத்தின் மீதும் எலக்ட்ரான்களை மோதவிட்டால் அது தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். 1913இல் கால்சியம் தொடங்கி துத்தநாகம் வரை அந்தக் கதிர்களைப் படம் பிடித்து அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்தால், ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே அளவு கூடிக்கொண்டே போனது. எடைகள் கண்டபடி தாவின. இது படிக்கட்டு மாதிரி ஒரே உயரமாக ஏறியது.

அந்தப் படிக்கட்டில் கோபால்ட் 27ஆவது படி, நிக்கல் 28ஆவது படி. எடை என்னவானாலும் சரி. அடுத்த ஆண்டு அலுமினியம் முதல் தங்கம் வரை போனார். குளோரின் 17இல் வந்தது, பொட்டாசியம் 19இல் வந்தது. நடுவில் ஒரே ஒரு படி காலி. 18. அது ஆர்கானின் இடம். 43, 61, 75 ஆகிய படிகளுக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார். அந்த மூன்றும் 1925, 1937, 1945 ஆகிய ஆண்டுகளில் கிடைத்தன. மெண்டலீவ் குணத்தை வைத்து ஊகித்ததை மோஸ்லே எண்ணிக் காட்டினார். அட்டவணையின் உண்மையான வரிசை அணுக்கருவின் மின்சுமை, இன்றைய பேச்சில் புரோட்டான்களின் எண்ணிக்கை. அணு எண் என்று நான் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.

முதல் உலகப் போர் வந்தது. மோஸ்லே தானாகவே ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிப்போலி போர்முனையில், தொலைபேசியில் ஓர் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27.

சரி, வரிசை தெரிந்துவிட்டது. எடை ஏன் முரண்டு பிடித்தது? அதற்கும் விடை 1913இலேயே தொடங்கியது. ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு எடையில் இருக்கலாம் என்று சாடி காட்டினார். ஐசோடோப்பு என்ற பெயர் அப்போது வந்தது. வகுப்பறை உதாரணமே சொல்கிறேன். புரோட்டான் எண்ணிக்கை என்பது வருகைப் பதிவேட்டில் உள்ள எண். நியூட்ரான்கள் தோளில் தொங்கும் புத்தகப் பை. மெண்டலீவ் காலத்தில் பையோடு சேர்த்து நிறுத்துப் பார்த்துத்தான் பிள்ளைகளை வரிசைப்படுத்தினார்கள். பெரும்பாலும் சரியாக வரும். பை கனமான பிள்ளை ஒன்று இருந்தால் வரிசை குழம்பும். அயோடின் எல்லாமே 127 எடை. டெலூரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு 128, 130 எடையுள்ள அணுக்கள். பாவம் பிரவுனர், அவருடைய தராசில் ஒரு குறையும் இல்லை.

ஆர்கானின் பை ஏன் கனம்? இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் காற்றில் உள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் 40 எடையுள்ளது. ஆனால் சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பகுதி 36 எடையுள்ளது. பூமியில் மட்டும் ஏன் 40? பாறைகளில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு, பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு அணுக்கள்கூட அல்ல, ஒன்றேகால்தான், 40 எடையுள்ள கதிரியக்க வகை. அதில் பாதி சிதைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். சிதைபவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று ஆர்கானாக மாறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைக்குள் அப்படிப் பிறந்த ஆர்கான் கசிந்து காற்றில் சேர்ந்திருக்கிறது. பாறைகளின் வயதைக் கணக்கிடவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதாவது, பொட்டாசியத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதைவிடக் கனமாக இருக்கும் அந்த ஆர்கான், பொட்டாசியத்தின் வயிற்றிலேயே பிறந்தது. பூமியின் ஆர்கான் சூரியனில் இருப்பதைப் போல இருந்திருந்தால் அதன் எடை 36 பக்கம் இருந்திருக்கும், முரண்பாடே வந்திருக்காது. அந்தப் பெண் சுவர்ப்படத்தில் கண்ட இரண்டு எண்களுக்குள் பூமியின் வயது முழுவதும் இருந்தது. நான் பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து தனிமங்களின் வகைப்பாட்டுப் பாடத்தை எடுத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. பத்தோடு அறிவியலை விடும் பிள்ளை அதைப் படிக்காமலே போகும். செய்தி வந்தபோது எனக்கும் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அதைச் சுமையாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கேள்விகளை உருவிவிட்டுப் பெயர்ப் பட்டியலை மட்டும் தலையில் ஏற்றினால் அது சுமைதானே?

இப்போது பாடம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பிக்கச் சொல்லும் முன் ஒரு நாள் அட்டவணையில் ஒரு கட்டத்தை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். சுற்றி இருப்பவற்றைப் பார்த்து, உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். எடை, அடர்த்தி, எதோடு சேரும் என்று எழுதட்டும். பிறகு காகிதத்தை எடுங்கள். மெண்டலீவ் செய்தது அதுதான். அரை மணி நேரம் போதும். பிறகு ஆர்கானையும் பொட்டாசியத்தையும் காட்டி, இது ஏன் இப்படி என்று நீங்களே கேளுங்கள்.

அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவு சுற்றிச் சுற்றி அவள் கண்ணில் பட்டால்: அம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி. அன்று எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.